வாசனையே இல்லாத பவுடர்

அத்தியாயம் 14

போன வாரம் பவுடர்கடைக்காரரை நாம் ஒரு மோசமான இடத்தில் நிறுத்திவிட்டு வந்தோம். விடிந்தும் விடியாத நேரம், மகளின் அலமாரி, கையில் அவளுடைய பவுடர் டப்பா. பார்க்கிறவர்களுக்குத் திருட்டு மாதிரி தெரியும். திருட்டில் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர் போட்டுவிட்டுப் போனார்.

டப்பா பாதி காலி. மீதிப் பாதியும் ஒரு பவுடர் என்று சொல்லிக்கொள்ளும் லட்சணத்தில் இல்லை. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூடியில் ஒரு சிரித்த முகம்கூடக் கிடையாது. ஊருக்கே பவுடர் விற்கிறவனின் பெண் இப்படி ஒரு அநாதைப் பவுடரைப் பூசிக்கொண்டு கேமரா முன்னால் போய் நிற்பதா?

அதைக் கொட்டிவிட்டு, கடையின் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து விற்கும் உயர்ரகப் பவுடரை அதே டப்பாவில் நிரப்பினார். ரோஜா வாசனை. நடுநடுவே பொன் துகள். பெரிய டின்னிலிருந்து சின்ன டப்பாவுக்குச் சிந்தாமல் மாற்றுவதில் அவரை அடிக்க ஆளில்லை. மூடியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒரு தகப்பன் செய்யவேண்டியதைச் செய்துவிட்ட நிறைவோடு பல் துலக்கப் போனார்.

மகளும் அதைத் திறந்து பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

இன்றைக்கு அவளுக்குக் கடைசித் தேர்வு. காது கேளாதவர்களுக்காகச் செய்தியைக் கையால் சொல்லும் வேலை. திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம். அதற்குள் நிற்பவள் கையாலும் முகத்தாலும் உலகத்தைச் சொல்ல வேண்டும். அவளுக்கு அது படித்து வந்த வித்தை இல்லை. அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மகள் வாயால் பேசும் முன்பே கையால் சாப்பாடு கேட்டவள்.

முதல் தேர்வில் கையெல்லாம் பிரமாதம் என்றார்கள். முகம்தான் தெரியவில்லை என்றார்கள். எண்ணெய் வழியும் சருமம் அவளுக்கு. ஸ்டுடியோ விளக்கு பட்டதும் நெற்றியும் மூக்கும் பளபளத்து, புருவம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விட்டது. அந்தப் பதிவைப் பார்த்த அம்மா ஒளிவுமறைவு இல்லாமல் கையால் சொன்னாள்: "கை வெள்ளம் வருதுன்னு சொல்லுது. மூஞ்சியில தீபாலங்காரம் நடக்குது. நான் ஓடணுமா, உக்காந்து வேடிக்கை பாக்கணுமா?"

அதன்பிறகு அப்பா கடையின் கெட்டியான பவுடரை அப்பிப் பார்த்தாள். கன்னம் முழுக்கப் பரு. தோல் டாக்டரிடம் போனாள். ஏதோ ஒரு புதுப் பவுடரை எங்கிருந்தோ வாங்கி, தாடை ஓரத்தில் மட்டும் தடவி, நாள்கணக்கில் காத்திருந்து, பரு வரவில்லை என்று உறுதியான பிறகே முகத்துக்குக் கொண்டுபோனாள். பவுடர் போடுவதற்கு ஒருத்தி இத்தனை ஜாக்கிரதையாக இருப்பதைப் பவுடர்கடைக்காரர் தம் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார்.

*

அவர் கடையில் பவுடரை மூக்கால் விற்பார். வந்தவர் கேட்பதற்குள் மூடியைத் திறந்து முகத்துக்கு நேரே நீட்டிவிடுவார். "மோந்து பாருங்க! அப்புறம் பேசுங்க." மோந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் தும்முவார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பொட்டலம் கட்டிவிடுவார்.

மனைவி கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் போன் ஒளிர்ந்தது. வீடியோவில் மகள்.

மனைவி போனை டின்னில் சாய்த்து வைத்தாள். அந்தப் பக்கம் மகளின் கைகள் பறந்தன.

"டப்பாவுல என் பவுடர் இல்லம்மா! ரோஸ் வாசனை அடிக்குது. மினுமினுன்னு இருக்கு. கையில தொட்டுப் பாத்தேன், விரலே நகைக்கடை மாதிரி இருக்கு!"

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கை தேவைப்படவில்லை.

பவுடர்கடைக்காரர் வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் பேசுபவர். பதற்றம் வந்தால் இரண்டும் வேறு வேறு விஷயம் பேசும். வாய் "எனக்கு என்ன தெரியும்?" என்றது. கை "நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றது.

"எதை நம்பறது?" என்று கேட்டாள் மனைவி.

"கையை," என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. பிறகு போனுக்குள் முகத்தை நுழைத்தார். "கண்ணு, அது நம்ம கடையிலேயே உசத்தி! கல்யாணப் பொண்ணுங்க கேட்டு வாங்கறது!"

"அப்பா, நான் வெள்ள எச்சரிக்கை சொல்லப் போறேன். கல்யாணம் பண்ணிக்கப் போகல." மகள் இப்போது வாயாலேயே பேசினாள். "இது விளக்குல மின்னும். வாசனை போட்டது, அதெல்லாம் என் தோலுக்கு ஆகாது, அரிக்க ஆரம்பிச்சுடும்."

"அப்ப அங்கேயே போட்டுவிடுவாங்கல்ல? மேக்கப் போடறவங்க இருப்பாங்கல்ல?"

"இருக்காங்க. களிம்பு மாதிரி கெட்டியா அப்புறாங்க. காலையிலேருந்து எல்லாருக்கும் ஒரே ஸ்பாஞ்ச். அது காஞ்சா மூஞ்சி நகராது. மூஞ்சி நகரலைன்னா நான் என்ன சொல்றேன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒண்ணுமே போடாம போனா?"

"போன தடவை என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை.

"எனக்கு அதே பவுடர் வேணும்ப்பா. எண்ணெய் இல்லாதது. தோல் துவாரத்தை அடைக்காதுன்னு டப்பாவுல போட்டிருக்கும். வாசனை கூடாது, மினுக்கக் கூடாது, லேசா இருக்கணும். சாப்பாட்டு இடைவேளை முடிஞ்சதும் என் முறை."

"எங்க வாங்கின அதை?"

மகள் கொஞ்சம் தயங்கினாள். "எதிர்க்கடையில."

பவுடர்கடைக்காரருக்கு மார்பில் யாரோ டின்னால் அடித்த மாதிரி இருந்தது.

"அதுல எந்தக் கம்பெனி..." என்று ஆரம்பித்தவர் முடிப்பதற்குள், "போனை வாங்கி வெக்கறாங்கப்பா, சீக்கிரம்..." என்ற குரலோடு திரை இருண்டது.

*

எதிர்க்கடை என்பது மருந்துக்கடை. நடத்துகிறவர் ஒரு அம்மாள். ஒரு காலத்தில் அவர் வாடிக்கையாளர் ஒருத்தியிடம், "எதிர்ல வாங்கின பவுடரைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க, பரு தானா அடங்கும்" என்று சொல்லிவிட்டார். பரு அடங்கியது. பகை அடங்கவில்லை. அன்றுமுதல் பவுடர்கடைக்காரர் தலைவலி மாத்திரைக்குக்கூட இரண்டு தெரு தள்ளிப் போவார். போய் வருவதற்குள் தலைவலி இரட்டிப்பாகும். கொள்கை என்றால் அப்படித்தான்.

"நீ போய் வாங்கிட்டு வாயேன்," என்று கையால் கெஞ்சினார்.

மனைவி நாற்காலியை விட்டு அசையவில்லை. "கொட்டினது யாரு?"

பவுடர்கடைக்காரர் தெருவைக் கடந்தார். அகலமில்லாத தெருதான். மலைப்பாதை மாதிரி மூச்சு வாங்கியது.

மருந்துக்கடையில் கூட்டம். அந்த அம்மாள் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்தபடி நிமிர்ந்து பார்த்தார். கத்தரிக்கோல் நின்றது.

"வாங்கண்ணே! உங்க கடையில சரக்கு தீந்துடுச்சா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பவுடர்கடைக்காரருடைய வாடிக்கையாளர்களும்தான். யாருக்கும் இப்போது அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

"பவுடர் பாக்கலாம்னு," என்றார்.

"யாருக்குண்ணே?"

"தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு."

"அந்த அலமாரியில இருக்கு. மாதிரிக்குத் திறந்து வெச்சதும் இருக்கு, பாருங்க. இவங்களை அனுப்பிட்டு வர்றேன்."

அலமாரியில் ஒரு கூட்டமே நின்றது. உதிரித் தூள், அழுத்திய காம்பாக்ட், மஞ்சள் சாயல், ரோஸ் சாயல், சாயலே இல்லாதது. எல்லாவற்றிலும் பொடி எழுத்து. இத்தனை வருஷம் பவுடர் விற்றவருக்குப் பவுடர் டப்பாவின் பின்பக்கம் என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அவருக்குத் தெரிந்த ஒரே வழி மூக்கு. சரி, அதையே தலைகீழாகப் பிடிப்போம் என்று முடிவு செய்தார். ஒவ்வொரு மாதிரி டப்பாவாக மோந்தார். எது மூக்குக்கு இதமாக இருந்ததோ, எதைத் தம் கடையில் கூவிக் கூவி விற்றிருப்பாரோ, அதை ஓரமாகத் தள்ளினார். பாதி அலமாரி அத்தோடு காலி. தும்மல் வராமல் பவுடர் தேர்ந்தெடுப்பது அவருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை.

அடுத்து ஜன்னல் பக்கம் போய்ப் புறங்கையில் ஒவ்வொன்றாகத் தொட்டு வெயிலில் திருப்பினார். மின்னியதெல்லாம் வெளியே.

எண்ணெய் இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இது மட்டும் அவருக்கு அத்துப்படி. நன்றாக ஒட்டும் பவுடர் வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளர்களுக்காக அவரே செய்து காட்டுகிற வித்தை. பழுப்புக் காகிதத்தில் கொஞ்சம் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு ஊதினால், எண்ணெய் சேர்த்த பவுடர் கண்ணாடி மாதிரி ஒரு கறையை விட்டுப் போகும். அந்தக் கறையைக் காட்டி, "பாத்தீங்களா, எவ்வளவு சத்து!" என்று இத்தனை நாள் விற்று வந்திருக்கிறார்.

அந்தச் சத்து எத்தனை முகத்தில் பருவாக முளைத்ததோ என்று இப்போது முதல் முறையாக யோசித்தார். யோசித்ததும் காது சூடானது.

மாத்திரை போடும் காகித உறை ஒன்றை எடுத்து மிச்சமிருந்தவற்றைத் தேய்த்தார். ஊதினார். வெளிச்சத்தில் பிடித்தார். காம்பாக்ட் எல்லாம் கறை. உதிரித் தூளில் ஒன்று கறை. இரண்டு மட்டும் சுத்தம்.

ஒன்றில் கொஞ்சம் ரோஸ் சாயல். இன்னொன்றில் எதுவுமே இல்லை. வாசனை இல்லை, நிறம் இல்லை, மூடியில் சிரித்த முகம் இல்லை. பின்பக்கத்தைக் கண்ணுக்கருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்தார். எண்ணெய் இல்லாதது. சருமத் துவாரங்களை அடைக்காதது.

அவருக்கு அந்த டப்பாவை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் காலையில் கொட்டுகிற அவசரத்தில் எதை ஒழுங்காகப் பார்த்தார்? தவறினால் இன்னொரு முறை ஓடி வர நேரமில்லை. இந்த வேலைக்கு மகள் எத்தனை மாதம் கண்ணாடி முன்னால் நின்றாள் என்பது அவருக்குத் தெரியும்.

டப்பாவோடு வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் போனார். குரலைத் தணிக்கவேண்டும் என்றுதான் நினைத்தார். பவுடர் கூவி விற்ற குரல், தணியத் தெரியாது.

"என் பொண்ணுக்கும்மா! எண்ணெய் வழியற மூஞ்சி. நான் குடுத்த பவுடராலதான் பரு வந்துச்சு. இது சரிதானா பாத்துச் சொல்லுங்க!"

வரிசை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

பகையாளி டப்பாவை வாங்கிப் பார்த்தார். இத்தனை நாள் சேர்த்துவைத்த கேலியெல்லாம் கைவசம் இருந்தும் ஒன்றையும் எடுக்கவில்லை.

"அவ எப்பவும் எடுக்கறது இதேதான்ண்ணே," என்றார். "நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்களே!"

பவுடர்கடைக்காரர் வாழ்நாளில் எத்தனையோ டப்பாவைக் கையில் பிடித்திருக்கிறார். கோப்பை மாதிரி தலைக்குமேல் தூக்கிப் பிடித்தது இதை மட்டும்தான்.

*

நட்டநடுப் பகலில் பவுடர்கடையின் ஷட்டர் இறங்கியதைத் தெருவே பார்த்தது. கிளம்புகிற நேரத்தில் அவர் கடை மேசையில் இருந்த பஃப்பை எடுத்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கும் பஃப் அது. மனைவி அதைப் பிடுங்கி மூலையில் வீசினாள். உறை பிரிக்காத புதுப் பஃப் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினாள்.

நிலையத்தின் வரவேற்பறையில் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். அப்பாவின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். திறந்தாள். மோந்தாள். எந்த வாசனையும் இல்லை. முகம் மலர்ந்தது.

"எப்படிப்பா?"

"தொழில் தெரிஞ்சவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?" என்றார் அவர். மனைவி அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, எதிர்க்கடை வரிசை முழுக்கக் கேட்கும்படி அவர் கத்தியதைக் கையால் விவரித்துக்கொண்டிருந்தாள். காது கேட்காதவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்திருப்பாள்.

மகள் டிஷ்யூ காகிதத்தால் நெற்றியையும் மூக்கையும் ஒற்றி எண்ணெயை எடுத்தாள். புதுப் பஃப்பில் பவுடரைத் தொட்டு, உதறி, தேய்க்காமல் மெல்ல அழுத்தினாள். அவ்வளவுதான். அப்பாவுக்குக் கை துறுதுறுத்தது.

"இவ்வளவு போதுமா? பரு எல்லாம் அப்படியே தெரியுதே கண்ணு!"

"தெரியட்டும்ப்பா. பவுடர் பருவைக் குணப்படுத்தாது, அதுக்கு டாக்டர் மருந்து இருக்கு. புருவம் தெரியுதா, அதைச் சொல்லுங்க."

புருவம் தெரிந்தது. அவளுடைய அம்மாவின் புருவம்.

"கண்ணு, நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியும்ப்பா. போய் உக்காருங்க. அம்மாவைப் பாத்துக்கோங்க."

"அவளுக்கு என்ன?"

"உங்களைப் பாத்துக்கச் சொல்லி அம்மாகிட்டயும் சொல்லியிருக்கேன்," என்றபடி உள்ளே ஓடினாள்.

வரவேற்பறைச் சுவரில் ஒரு டிவி. உள்ளே நடக்கும் தேர்வு அதில் சத்தமில்லாமல் ஓடியது. உள்ளே வேறு ஒரு அறையில் காது கேளாத நடுவர்களும் இதேபோல மூலை வட்டத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவார்களாம்.

முதலில் ஒரு பையன் வந்தான். கை சுத்தமான கை. முகத்தில் நிலையத்தார் அப்பிய களிம்பு. விளக்குச் சூட்டில் வியர்வை இறங்கிய இடமெல்லாம் கோடு விழுந்தது. அணை உடையப் போகிறது என்று கை அலறியது. முகம் அப்போதுதான் பூசிய சுவர் மாதிரி நிம்மதியாக இருந்தது. பவுடர்கடைக்காரருக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அந்தச் சுவரை இன்று காலை வரை அவரும்தான் பூசிக்கொண்டிருந்தார்.

பிறகு மகள்.

கொஞ்ச நேரத்தில் அவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். மகள் நன்றாகச் செய்கிறாளா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல திரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மனைவியின் முகம்.

அணை திறக்கிறார்கள், கரையோரம் இருப்பவர்கள் வெளியேறுங்கள் என்று மகள் சொன்னபோது மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டாள். எந்த அணியோ எங்கேயோ ஜெயித்தது, மனைவி சிரித்தாள். ஒரு முதிய விஞ்ஞானி இறந்துபோனார். முன்பின் அறியாத அந்த மனிதருக்காக மனைவியின் உதடு துடித்தது. விளக்கு அதே விளக்குதான். பளபளப்பு இல்லை, சுவர் இல்லை. பருக்களோடு ஒரு முகம், எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது.

செய்தி முடிந்தபோது மனைவி காலைக் கீழே இறக்க மறந்திருந்தாள்.

*

கதவு திறந்த வேகத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. மகள் ஓடி வந்தாள், கை முந்திக்கொண்டு வந்தது.

"நான்தான்! இன்னிக்கே! சாயங்காலச் செய்தியே நான்தான்!"

பவுடர்கடைக்காரர் ஒரு கத்து கத்தினார். வரவேற்பறை நிறையத் தேர்வுக்கு வந்தவர்களின் காது கேளாத உறவினர்கள் காத்திருந்ததால், தொந்தரவடைந்தவர் காவலாளி ஒருவர்தான். அவரையும் கட்டிப்பிடித்தார்.

"ஒவ்வொரு முகபாவமும் தனித்தனியாத் தெரிஞ்சுதுன்னு சொன்னாங்கப்பா. பயம்னா பயம், சந்தோஷம்னா சந்தோஷம்!"

"பவுடர் யாரு செலக்ஷன்!" என்று அவர் காவலாளியைப் பார்த்துக் கேட்டார். காவலாளிக்குத் தெரியவில்லை. "நாளைக்கே நம்ம கடையிலயும் இந்த ரகத்துக்குன்னு ஒரு அலமாரி போடறேன். எண்ணெய் இல்லாதது, வாசனை இல்லாதது. எதிர்க்கடை அம்மாகிட்டயே கேட்டுப் போடறேன்."

"அப்ப டப்பாவோட பின்பக்கத்தையும் படிச்சுக் காட்டி விப்பீங்களா?" என்றாள் மகள்.

"மோந்து பாருங்கன்னு இனிமே எவன் சொல்லுவான்!"

மனைவி மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். கை முகத்தில் இருந்ததால் அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் உள்ளேயிருந்து நடுவர்களில் ஒருவர் வந்தார். நரைத்த குட்டை முடி, நேரான முதுகு. மகளின் தோளைத் தட்டிக்கொடுக்க வந்தவர், கை பாதியில் நிற்க, அவளுடைய அம்மாவைப் பார்த்தார்.

காது கேளாதவர்களுக்கு ஆளுக்கொரு கைப்பெயர் உண்டு. அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது அதைக்கொண்டுதான். பவுடர்கடைக்காரர் மனைவிக்கு, காதோரம் சுருளும் முடியை விரலால் சுற்றிக் காட்டினால் அதுதான் பெயர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அந்தப் பெயர்தான் தெரியும்.

வந்தவர் முடியைத் தொடவில்லை. மூடிய கையை நெஞ்சில் வைத்து, ஒரு பறவையை விடுவதுபோல் மேலே விரித்தார். மறுபடியும் விரித்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"அம்மா, உங்களையா கூப்பிடறாங்க?" என்று கேட்டாள் மகள். "அது யாரோட பேரு?"

மனைவி நாற்காலியில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து, அந்த அறைக்குள்ளேயே தலையில் மாட்டி, முகக் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.